வீட்டிலிருக்கும் இளையவர்

ஆர்லீன் வாண்ட்ராசெக் இருபத்தோரு வருஷம் ஊரார் கருத்தைக் கேட்டே பிழைத்தவள். எங்கள் ஒமாஹா நகரத்தில், போனில் கருத்துக்கணிப்பு எடுக்கும் இந்தத் தொழிலுக்குப் பஞ்சமில்லை. சாயங்காலம் நான்கு மணிக்குப் போய் உட்கார்ந்தால் ஒன்பது வரை கணினி எந்த எண்ணைப் போட்டுத் தருகிறதோ அந்த வீட்டோடு பேச வேண்டும். நாங்கள் எதையும் விற்கவில்லை என்று சொல்லி முடிப்பதற்குள் பாதிப் பேர் போனை வைத்துவிடுவார்கள். மீதியில் பாதி, திட்டிவிட்டு வைப்பார்கள். நான் அவளுக்கு அடுத்த நாற்காலி, பதினொரு வருஷமாக. திட்டினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவளுக்கு வராது. அதனால் வைத்துவிட்டவர்களை மறுபடி கூப்பிட்டு மசியவைக்கும் வேலையை அவள் தலையிலேயே கட்டுவார்கள்.

அவள் புருஷன் எமில் இறைச்சித் தொழிற்சாலையில் இருந்தவன். மாரடைப்பில் ஒரே நாளில் போய்ச் சேர்ந்தான். பெண் கெண்ட்ராவுக்கு அப்போது ஆறு வயது. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைக்குச் சோறாக்கி வைத்துவிட்டு வரலாம் என்றுதான் ஆர்லீன் இந்தச் சாயங்கால வேலையில் சேர்ந்தாள். பிள்ளை வளர்ந்து லாரி ஓட்டக் கற்று, ராணுவத்தின் பகுதிநேரப் படையில் சேர்ந்து, ஈராக்கில் ஒரு வருஷம் ஓட்டிவிட்டுத் திரும்பியும் வந்துவிட்டாள். அம்மா அதே நாற்காலியில்தான் இருந்தாள்.

எங்கள் தொழிலில் ஒரு விதி. போனை எடுத்தவரிடமே கேள்வியைக் கேட்டுவிடக் கூடாது. எடுப்பது பெரும்பாலும் வயதான பெண்கள். அவர்களையே கேட்டுக்கொண்டிருந்தால் நாட்டின் கருத்து கிழவிகளின் கருத்தாகிவிடும். எனவே, இப்போது வீட்டிலிருக்கும் பதினெட்டு வயது தாண்டியவர்களில் மிக இளைய ஆணிடம் பேச வேண்டும் என்று கேட்போம். ஆண் யாரும் இல்லையென்றால் மிக இளைய பெண். இதைக் கேட்டதும் அம்மாக்கள் பொய் சொல்வார்கள். பின்னால் பையன் டிவி பார்த்துச் சிரிக்கிற சத்தம் எங்களுக்குக் கேட்கும். "அவன் வீட்ல இல்லையே" என்பார்கள். ஆர்லீனுக்குக் கோபம் வருவது இந்த ஒன்றுக்குத்தான்.

"இருபத்தஞ்சு வயசுப் பையன். அவனுக்கு வாய் இல்லையா? இவங்க ஏன் பொத்துறாங்க, ஃபிலிஸ்?" என்று என்னிடம் பொருமுவாள்.

இன்னொரு விதியும் உண்டு. எழுதியிருப்பதை எழுத்துப் பிசகாமல் படிக்க வேண்டும். யார் என்ன சொன்னாலும் "ம்" கூடக் கொட்டக் கூடாது. மேற்பார்வையாளன் டுவெயின் எந்த லைனில் ஒட்டுக்கேட்கிறான் என்று யாருக்கும் தெரியாது. இருபத்தோரு வருஷம் இப்படி இருந்தால் மனுஷி என்ன ஆவாள்? வேலைக்கு வெளியிலும் ஆர்லீனுக்குத் தன் கருத்தென்று ஒன்றைச் சொல்ல வராமல் போயிற்று. சாப்பிடக் கூட்டிப்போய் என்ன வேண்டும் என்று கேட்டால், "உனக்கு எது தோணுதோ அதையே சொல்லு" என்பாள். எனக்கு எரிச்சலாக வரும்.

2009 அக்டோபரில் வந்தது அந்தக் கேள்வி. ஆப்கானிஸ்தானுக்கு மேலும் படைகளை அனுப்புவதை ஆதரிக்கிறீர்களா, எதிர்க்கிறீர்களா? உறுதியாகவா, ஓரளவுக்கா? ஒரு நாளில் நாற்பது தடவை, ஐம்பது தடவை. யுத்தம் தொடங்கி எட்டு வருஷமாகியிருந்தது. கேட்கிற எங்களுக்கும் அலுப்பு, பதில் சொல்கிறவர்களுக்கும் அலுப்பு.

"எந்த யுத்தம்? ரெண்டு நடக்குதே."

"அனுப்பட்டும். அப்பவாவது முடியுமான்னு பாப்போம்."

"அனுப்பினாலும் அனுப்பலேன்னாலும் என்னைக் கேட்டா செய்யப் போறாங்க? வையும்மா போனை."

ஒருவர் மட்டும் என்னைச் சிரிக்கவைத்தார். "எங்க பக்கத்து வீட்டுக்காரனை அனுப்புங்க. ஞாயித்துக்கிழமை காலைல ஆறு மணிக்குப் புல்லு வெட்டுற மெஷினைப் போடுறான் படுபாவி." இதை எந்தக் கட்டத்தில் குறிப்பது என்று தெரியாமல் ஆர்லீனைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. ஒரு மாசமாகவே அவள் சிரிப்பதில்லை.

காரணம் எனக்குத் தெரியும். கெண்ட்ராவின் ஆறு வருஷ ஒப்பந்தம் டிசம்பரில் முடிகிறது. கையெழுத்துப் போடாவிட்டால் தப்பித்தாள்; ரொட்டி வேன் ஓட்டிக்கொண்டு வீட்டோடு இருப்பாள். போட்டால் ஆப்கானிஸ்தான். பக்கத்து மாநிலப் படைப்பிரிவு ஒன்று லாரி ஓட்ட ஆள் தேடுகிறது என்று ஊரெல்லாம் பேச்சு.

"அவ என்ன சொல்றா?" என்று இடைவேளையில் கேட்டேன்.

"நான் கேக்கலை."

"என்னடி இது அநியாயம்? முன்னப்பின்ன தெரியாதவனை எல்லாம் ராத்திரிச் சாப்பாட்டு நேரத்துல கூப்பிட்டுக் கேக்கற. பெத்த பொண்ணை ஒரு வார்த்தை கேக்க முடியாதா?"

"தெரியாதவங்க என்ன சொன்னாலும் நான் குறிச்சுட்டு அடுத்த நம்பருக்குப் போயிடுவேன் ஃபிலிஸ்" என்றாள். காப்பியைக் குடிக்காமலே கொட்டிவிட்டு உள்ளே போனாள். 

நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். பன்றி வறுவல், புளித்த முட்டைக்கோஸ், மாவு உருண்டை. கெண்ட்ரா கால்பந்தாட்டத்தைச் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு பார்த்தாள். மூன்று பேரும் உருளைக்கிழங்கு விலையைப் பற்றியும் குளிரைப் பற்றியும் பேசினோம். அந்த வீட்டில் அந்த ஒரு விஷயத்தைத் தவிர எல்லாம் பேசினோம்.

சுவரில் மாட்டியிருந்த போன் அடித்தது. ஆர்லீன் எடுத்தாள். கொஞ்சம் கேட்டதுமே என் பக்கம் திரும்பிப் புருவத்தை உயர்த்தினாள். ரிசீவரை லேசாக விலக்கிப் பிடித்ததில் எனக்கும் குரல் கேட்டது. ஒரு சின்னப் பையன், ஏதோ வேறொரு நிறுவனம், அதே "நாங்கள் எதையும் விற்கவில்லை."

"மெதுவாப் படிங்க தம்பி, அவசரமே இல்ல" என்றாள் ஆர்லீன். இத்தனை வருஷத்தில் அவளை யாரும் இப்படிக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்டதில்லை. அவள் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்ததைப் பார்த்தேன். பிறகு அவன் இளைய ஆண் இருக்கிறாரா என்று கேட்டான்.

"இந்த வீட்ல ஆம்பளை இல்ல."

அப்படியானால் வீட்டிலிருக்கும் மிக இளைய பெண்ணிடம் பேசலாமா என்றான்.

ஆர்லீன் சோபாவில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த மகளைப் பார்த்தாள். தானே இளையவள் என்று ஒரு பொய் சொன்னால் தீர்ந்தது. சொல்லித் தொலையேன் என்று நான் மனசுக்குள் அடித்துக்கொண்டேன். பையன் "ஹலோ, இருக்கீங்களா?" என்றான்.

"இருக்கா. கூப்பிடறேன்" என்றாள் ஆர்லீன். ரிசீவரை நீட்டினாள். "கெண்ட்ரா, உனக்குத்தான்."

கெண்ட்ரா வந்து சுவரில் சாய்ந்துகொண்டு பேசினாள். கேள்விகள் எங்களுக்குக் கேட்கவில்லை. கேட்கவும் தேவையில்லை, வார்த்தை வார்த்தையாக எங்களுக்கு மனப்பாடம்.

"இருபத்தேழு."

"ஆமா, தினம் நியூஸ் பாப்பேன்."

பிறகு அம்மாவுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள்.

"ஆதரிக்கிறேன்."

"உறுதியாத்தான்."

ஆர்லீன் மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். அடுத்த கேள்வி என்னவென்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். வீட்டில் யாராவது ராணுவத்தில் இருக்கிறார்களா?

"நான்தான் இருக்கேன்" என்றாள் கெண்ட்ரா. பையன் பட்டியலில் இல்லாத எதையோ கேட்டிருக்க வேண்டும். எங்கள் டுவெயின் ஒட்டுக்கேட்டிருந்தால் அவனை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பான். "ஆமா, போறேன். ஜனவரியில. பரவால்ல, தேங்க்ஸ்."

போனை மாட்டிவிட்டுச் சுவரைப் பார்த்தபடியே நின்றாள். டிவியில் யாரோ பந்தைத் தவறவிட்டார்கள். எழுந்து போய்விடலாமா என்று யோசித்தேன். 

"எப்பக் கையெழுத்துப் போட்ட?" என்றாள் ஆர்லீன்.

"போன மாசம். எட்டாம் தேதி." கெண்ட்ரா திரும்பினாள். "அங்க ஆளே இல்லம்மா. ரெண்டு பேர் ஓட்டவேண்டிய வண்டிய ஒருத்தர் ஓட்டிட்டு இருக்காங்க. எனக்குத் தெரிஞ்சவங்க. நான் இங்க ரொட்டி வேன் ஓட்டிட்டு இருக்கறது எனக்குத் தாங்கல."

"ஒரு மாசமா என்கிட்ட சொல்லலையே."

"தினம் நீ வேலைய விட்டு வர்றதுக்காக முழிச்சுட்டு உக்காந்திருந்தேம்மா" என்றாள் கெண்ட்ரா.  "நீ கேப்பேன்னு."

ஆர்லீன் மேஜைத் துணியைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். பக்கத்து நாற்காலியை மகளுக்காக இழுத்துப் போட்டாள்.

"சரி, உக்காரு" என்றாள். "இப்பக் கேக்கறேன்."