டுசல்டோர்ஃபுக்குப் போன சிவப்பு வேர்

1974 அக்டோபர், ஒரு சனிக்கிழமை. காலை 8.10க்கு ஸ்டுட்கார்ட்டிலிருந்து ரயில் புறப்பட்டது. டுசல்டோர்ஃப் சுமார் நானூறு கிலோமீட்டர். என்னோடு தொழிற்சாலையில் வேலை செய்யும் யாழ்ப்பாணத்து ராசையா அண்ணையின் மடியில் ஒரு பிஸ்கட் டின். உள்ளே சிவந்த வேர்கள். சீனர்கள் டான்ஷென் என்பார்களாம். சிங்கப்பூரிலிருந்து மைத்துனர் அனுப்பியது. மூன்று மாதமாகக் கஷாயம் வைத்துக் குடிக்கிறார். படியேறினால் வரும் நெஞ்சுவலி குறைந்துவிட்டது. ஆகவே டாக்டர் தந்த மாத்திரைகளை நிறுத்தப் போகிறாராம். அவர் மனைவி என்னிடம் அழுதார். மருந்து ஆராய்ச்சி செய்பவர் யாராவது சொன்னால் கேட்கிறேன் என்று அண்ணை இறங்கி வந்ததால்தான் இந்தப் பயணம்.

மைன்ஸ் தாண்டியதும் ரைன் நதி ஜன்னலோடு வந்தது. திராட்சைச் சரிவுகள், கோட்டைகள், நிலக்கரிப் படகுகள். காப்பி இரண்டு மார்க். அண்ணை வேண்டாமென்றார்.

1.05க்கு டுசல்டோர்ஃப். என் கல்லூரித் தோழி மீனாட்சி மதுரைக்காரி. பல்கலைக்கழகத்தில் இதய மருந்துகளை ஆராய்பவள். வீடு மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. அண்ணை நிற்காமல் ஏறினார்.

“பாத்தியளோ தம்பி?”

மீனாட்சி சோறு பரிமாறிக்கொண்டே சொன்னாள்: “நல்லதுன்னு சீனாவுல சொல்றாங்க அண்ணா. குடிச்சவங்களையும் குடிக்காதவங்களையும் கம்பேர் பண்ணினதா நான் படிச்சதில்ல. இந்த மூணு மாசத்துல வேற என்ன மாத்தினீங்க?”

“ஒண்டுமில்லை. பத்தியம் மட்டும் இருக்கிறன். சிகரெட் இல்லை, கோப்பி இல்லை, இறைச்சி இல்லை, உப்பும் அரைவாசி.”

“சீன வைத்தியர் யாராவது இருக்கச் சொன்னாரா?”

“இல்லை. மருந்தெண்டால் பத்தியம் இருக்கத்தானே வேணும்!”

“முன்னாடி எத்தனை சிகரெட்?”

“ஒரு நாளைக்கு முப்பது.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நானாக இருந்தாலும் யாரும் சொல்லாமலே பத்தியம் இருந்திருப்பேன். மீனாட்சி சிரிக்கவில்லை.

“அப்போ குணமாக்கினது வேரா, பத்தியமா, மாத்திரையா? யாராலயும் சொல்ல முடியாது. மாத்திரைய மட்டும் நிறுத்தாதீங்க. வேர் குடிக்கிறதையும் டாக்டர்கிட்ட சொல்லிடுங்க. ரெண்டும் ஒத்துக்குமான்னே தெரியல.”

“வேர்தான், பிள்ளை. எனக்குத் தெரியும்,” என்றார் அண்ணை. அதற்கு மேல் சாப்பிடவில்லை.

திரும்பும் ரயில் 4.20க்கு. புகைபிடிப்போர் பெட்டியில்தான் இடம் கிடைத்தது. எதிரே இருந்த ஜெர்மன்காரர் மரியாதைக்குச் சிகரெட் நீட்டினார். அண்ணை ஒன்றை எடுத்துக்கொண்டார். எல்லாம் வேரின் வேலைதான் என்றால் தாராளமாகப் பற்றவைக்கலாமே என்று நினைத்தேன். அவர் அதை விரலில் உருட்டிக்கொண்டே ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

கொலோன் பாலத்தில் ரயில் மெதுவானது. அண்ணை சிகரெட்டைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு கோட்டுப் பையில் துழாவி மாத்திரைக் குப்பியை எடுத்தார்.

“தம்பி, தண்ணி இருக்கோ?”