பிணை நின்ற வட்டை

பக்கத்து வீட்டு மிஸிஸ் டேவிஸ் கோடைகாலத்தில் கடற்கரைக்குப் போகும்போது தன் வீட்டுத் திறப்பை, அதாவது சாவியை, என் கையில் தந்துவிட்டுப் போவாள். பூச்சாடிகளுக்குத் தண்ணீர் ஊற்றவேண்டுமாம். சாட்சி இல்லை, கையொப்பம் இல்லை, கவனம் என்று ஒரு சொல்கூட இல்லை. நம் ஊரில் மண்வெட்டி இரவல் கொடுப்பவன்கூட நாலு பேர் காதில் விழத்தான் கொடுப்பான். இந்த இங்கிலாந்துக்காரிக்கு அந்த யோசனையே கிடையாது. முதல்முறை அந்தத் திறப்பை வாங்கியபோது எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏதும் களவு போனால் கறுத்த தோல்காரன் என்னைத்தானே முதலில் பிடிப்பார்கள்? காலையும் மாலையும் போய்க் கதவை இழுத்து இழுத்துப் பார்த்தேன். அவள் திரும்பி வந்ததும், "ஐ ஆம் ரெஸ்பொன்ஸிபிள், பிளீஸ் செக்" என்று அறை அறையாகக் கூட்டிப்போய்க் காட்டினேன். நான் கூலி கேட்கிறேன் என்று நினைத்துவிட்டாள் போலும். ஒரு பெட்டி சொக்கிலேட்டை என் கையில் திணித்து அனுப்பினாள்.

இதை வாசித்து என்னைப் பயந்தாங்கொள்ளி என்று எண்ணிவிட வேண்டாம். களுவாஞ்சிக்குடியில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். திருகோணமலைத் துறைமுகத்தில் ஒரு கப்பல் குசினிக்குள் ஏறி, உருளைக்கிழங்கு உரித்து உரித்தே இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்தேன். இன்றைக்கு இந்த நகரத்தில் எங்கள் பகுதி முழுவதற்கும் பாண் என் பேக்கரி அடுப்பிலிருந்துதான் போகிறது. வெள்ளைக்காரன் வரிசையில் நின்று வாங்குகிறான். படித்துப் பட்டம் வாங்கியவர்கள் என் கடையில் மாப் பிசைந்திருக்கிறார்கள். புயலில் கப்பல் சரிந்தபோதுகூடக் கறிச்சட்டியைக் கைவிடாதவன் என்று என்னைப் பற்றிச் சொல்வார்கள், அது உண்மைதான். ஆனால் பிணை என்ற சொல்லைக் கேட்டால் மட்டும் இன்றும் பயந்துவிடுகிறேன். அந்தப் பயத்தை எனக்குக் கொடுத்தவள் செல்வமலர், என் தங்கை தங்கம்மாவின் இளைய மகள்.

மலர் படிப்பில் கெட்டிக்காரி. எழுபதுகளின் தொடக்கத்தில் அவளுக்கு இரண்டு வாசல்கள் ஒன்றாகத் திறந்தன. ஒன்று நான் இருக்கும் நகரத்துப் பல்கலைக்கழகம். இடம் கிடைத்தது, செலவை நாங்கள்தான் பார்க்கவேண்டும். அதற்குத்தான் மாமன் நான் இருக்கிறேனே! மற்றது அவுஸ்திரேலியாவில் விவசாய விஞ்ஞானம். விமான ரிக்கெற் முதல் சாப்பாடு வரை எல்லாம் புலமைப்பரிசில். ஆனால் படிப்பு முடிந்ததும் நாட்டுக்குத் திரும்பி, அரசாங்கம் அனுப்பும் இடத்தில் ஐந்து வருஷம் வேலை செய்யவேண்டும். அவள் வராவிட்டால், பிணை நின்றவரின் காணி போய்விடும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது, நான் நேரில் போய் நின்றாலே பிள்ளை என்னோடு புறப்பட்டுவிடுவாள் என்ற நம்பிக்கையில் விமானம் ஏறினேன்.

வெறுங்கையோடு போகாதீர்கள் என்று மனைவி சொல்லியிருந்தாள். கொழும்பில் ஒரு பட்டுச்சேலை வாங்கினேன். களுவாஞ்சிக்குடி வீட்டுக்குள் நுழைந்ததும் அதைத் தட்டில் வைத்து, வெற்றிலை பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம் எல்லாம் சேர்த்துத் தங்கையின் கையில் கொடுத்தேன். ஆண்பிள்ளை பெற்ற தாய்மாமன் அப்படித் தட்டுக் கொடுத்தால் நம் பக்கத்தில் அதற்கு என்ன அர்த்தம் என்பது, இத்தனை வருஷம் பாணும் பட்டருமாகக் கிடந்தவனுக்கு அந்த நேரம் மறந்துபோயிற்று. பொழுது சாயுமுன் வேலிப் படலையில் ஆட்கள் கூடிவிட்டார்கள்.

"என்ன போடியார், கலியாணம் எப்ப? சீமை மாப்பிள்ள நம்மட சோறு தின்னுவாரா, இல்லாட்டி அவருக்கும் பாண்தான் போடணுமா?" என்று அடுத்த வளவுக் கந்தப்பர் என்னைக் கேட்டார். வயல் வைத்திருப்பவன் நம் பக்கத்தில் போடியார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், மறுக்கவில்லை. என் மகன் சந்திரனுக்கு அவள் உரிமைப் பெண்தானே, கேட்க நன்றாகத்தான் இருந்தது. கதவோரம் நின்ற மலர் மட்டும் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்தாள். திரும்பிப் போய் அந்தச் சேலைத் தட்டையும் எடுத்துவந்து என் பக்கத்தில் வைத்தாள்.

"மாமா, கோவிக்காதீங்க. நான் அவுஸ்திரேலியாவுக்குத்தான் போறன்."

"ஏன் புள்ள? எண்ட வீட்டுல சோறு இருக்கு, குளிருக்கு அடுப்பு இருக்கு. அதை விட்டுட்டு அரசாங்கத்துக்கு அடிமைச்சீட்டு எழுதப் போறியா?"

"அரசாங்கத்துக்கு அஞ்சு வருஷம் மாமா. அது முடிஞ்சா நான் எண்ட பாட்டுல இருப்பன். உங்களுக்கு எத்தின வருஷம்?"

கடையில் வந்து கத்தும் வெள்ளைக்காரனுக்கே பதில் கொடுப்பவன் நான். அன்று தேத்தண்ணியை எடுத்து ஊதி ஊதிக் குடித்தேன். அவள் அதோடு விடவும் இல்லை. "உங்கட கரடியனாத்து வட்டைய எனக்குப் பிணை வைப்பீங்களா மாமா?" என்று கேட்டாள்.

நம் பக்கத்தில் வீடும் வயலும் பெண்பிள்ளைகளுக்குத்தான் எழுதுவார்கள். கலியாணம் முடிந்தால் ஆண் மனைவி வீட்டுக்குப் போய்விடுவான், பிறந்த வீட்டில் அவன் விருந்தாளி. தங்கச்சியின் காணியில் பாதி மூத்தவளுக்குச் சீதனமாகப் போய்விட்டது. மீதி மலருடைய சீதனம், அதைப் பிணை வைத்தால் நாளைக்கு எவன் வந்து பெண் கேட்பான்? என் பெயரில் இருந்ததோ கரடியனாற்று வட்டை, அந்த வயல் ஒன்றுதான். அடுப்புச் சூட்டில் வெந்து அனுப்பிய காசில் வாங்கியது. ஊருக்குத் திரும்பி வந்தால் கால் வைக்க எனக்கென்று இருந்த மண் அவ்வளவுதான்.

குசினிக்குள்ளிருந்து தங்கம்மா அகப்பையோடு ஓடி வந்தாள். "வெக்காதீங்க அண்ண! நீங்களும் மாரி வெள்ளாமை வெட்டுக்கு வந்துருவன் எண்டுதான் போனீங்க. எத்தின வெள்ளாமை வெட்டியாச்சு? இவளும் உங்கட ரெத்தம்தானே. போனா வரமாட்டாள்."

"நான் வருவன்மா" என்றாள் மலர்.

"மாமாவும் இந்த வாசல்ல நிண்டு அப்படித்தான்கா சொன்னவர்."

திரும்பிப் போகக்கூடாது என்று முடிவெடுத்து ஒருவனும் வெளிநாட்டில் தங்குவதில்லை. அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று தள்ளிக்கொண்டே தங்குகிறான். இது எனக்குத் தெரிந்த அளவுக்கு அந்த வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது. மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அப்படிச் சொன்னால், எங்கள் குடியில் போனவர் எவரும் திரும்புவதில்லை என்று நானே ஊர்முன் ஒப்புக்கொண்டதாகிவிடும். வேலிக்கு அப்பால் கந்தப்பர் இருமுவது கேட்டது. "வெக்கிறன்" என்றேன்.

மட்டக்களப்பில் கச்சேரி என்ற அரசாங்க அலுவலகத்தில் காணி உறுதிப் பத்திரத்தைப் பார்த்த கிளாக்கர் பையன், "ஐயா, மருமகள் திரும்பி வருவாவா?" என்று கேட்டான். "எங்கட ஆக்கள் சொன்னாச் சொன்னதுதான் தம்பி" என்றேன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. அவன் என் கோட்டைப் பார்த்தான். "அப்ப ஐயா எப்ப ஊரோட வந்து இருக்கப் போறீங்க?" "அடுத்த வருஷம்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவன் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தான். கையொப்பம் வைக்கும்போது மற்றக் கையால் மேசையைப் பிடித்துக்கொண்டேன். சரிந்த கப்பலில் சட்டி பிடித்த கைதான் அது.

மலர் போய் இது இரண்டாவது வருஷம். மாதம் தவறாமல் எழுதுகிறாள். சேலைத் தட்டு திரும்பி வந்ததில் என் மகனுக்குக் கவலை ஒன்றும் இல்லை, அவனுக்குத் தமிழில் கோபிக்கவும் தெரியாது. பயம் முழுக்க எனக்குத்தான். "மாமா, இஞ்ச வெயில் நம்மட ஊர் வெயில் மாதிரியே இருக்கு" என்று ஒருமுறை எழுதினாள். அன்று இரண்டு தட்டுப் பாணைக் கருக்கிவிட்டேன். அந்த வெயில் அவளுக்குப் பிடித்துப் போனால்? அடுத்த கடிதத்தில் மாம்பழம் கிடைக்கிறது என்றாள், பிறகு கார் ஓட்டப் பழகுகிறாளாம். நல்லாய்ப் படி மகள் என்று எழுதிவிட்டு, பாரமான சாமான் எதுவும் வாங்காதே என்று கீழே எப்போதும் ஒரு வரி சேர்க்கிறேன். அவளுக்கு அது விளங்காது. நான் இந்த நாட்டில் தங்கிப்போனது கப்பலை விட்டு இறங்கிய நாளில் அல்ல, ஓர் அலுமாரி வாங்கிய நாளில்.

எங்கள் குசினிச் சுவரில் ஓர் ஆணி இருக்கிறது. மிஸிஸ் டேவிஸின் திறப்பை அதில்தான் மாட்டுவேன். பக்கத்தில் இன்னொரு திறப்பும் தொங்குகிறது. கரடியனாற்று வயல் வாடியினுடையது, நெல்லுக் காவலுக்குப் படுக்கும் குடிசை. அந்தப் பயணத்தில், வயலைச் செய்கிறவன் வாடியைத் திறந்து பார்க்கத் தந்ததைத் தெரியாமல் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். போன கிழமை மிஸிஸ் டேவிஸ் கடற்கரையிலிருந்து திரும்பி வந்து தன் திறப்பை எடுத்தாள். எடுத்தவள் மற்றதைத் தொட்டுப் பார்த்து, இத்தனை பெரிய திறப்பு எதற்கு என்று கேட்டாள்.

"மை பிளேஸ்" என்றேன்.

"வேர் இஸ் இற்?"

ஊர் இருக்கும் திசை என்று கையை யன்னல் பக்கம் நீட்டினேன். அவள் எட்டிப் பார்த்தாள். வெளியே நிலக்கரி போடும் எங்கள் கொட்டில் மழையில் நனைந்துகொண்டிருந்தது. "ஓ, லவ்லி" என்று தலையை ஆட்டிவிட்டுப் போனாள். நான் அந்தத் திறப்பில் பிடித்திருந்த துருவைத் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்து, மறுபடி ஆணியில் மாட்டினேன்.