உள்ளே விட்ட இரண்டு இஞ்ச்

பள்ளிச் சீருடை தைப்பதில் டேப்பக்காவை அடிக்க ஆளில்லை. கழுத்தில் எப்போதும் அளவு டேப் தொங்கும், அதனால் பிள்ளைகள் வைத்த பெயர் அது. வளர்கிற பிள்ளைகளின் துணியில் தையலுக்கு உள்ளே இரண்டு இஞ்ச் கூடுதலாக விட்டுவைப்பாள். அடுத்த வருஷம் தையலைப் பிரித்துவிட்டால் பழைய பாவாடையே போதும். தெருப் பிள்ளைகள் அத்தனை பேருடைய அளவும் அவள் நோட்டில் இருந்தது. பதினாலு வயது மகளின் அளவு மட்டும் இல்லை. பெற்ற பிள்ளைக்கு எதற்கு டேப் என்று கண்ணளவிலேயே வெட்டிவிடுவாள்.

அந்தக் கண்தான் ஏமாந்துபோனது.

ஒரு திங்கட்கிழமை மகள் வகுப்பில் மயங்கி விழுந்தாள். ரத்தம் குறைவு, காலையில் வெறும் வயிறு என்று பள்ளி நர்ஸ் சொல்லி அனுப்பினார். வீட்டில் படுக்கவைத்துப் பாவாடைக் கொக்கியைத் தளர்த்தும்போது டேப்பக்காவின் விரலில் ஏதோ நெருடியது. இடுப்பின் உள்பக்கம் கோணல்மாணலாக ஒரு கைத்தையல். மகளே யாருக்கும் தெரியாமல் மூன்று இஞ்ச் உள்ளே பிடித்து இடுப்பைச் சிறிதாக்கியிருக்கிறாள்.

"எத்தனை நாளா இந்தக் கூத்து?"

"எல்லாரும் குண்டுங்கறாங்கம்மா."

"வளர்ற வயசுல வயித்தைக் காயப்போட்டா ரத்தம் எங்கேர்ந்துடி ஊறும்?"

"நீ மட்டும் சாப்பிடறியா? மதியம் வரைக்கும் வெறும் டீதானே?"

டேப்பக்காவின் கண் மிஷின் பக்கத்தில் இருந்த டீ டம்ளருக்குப் போனது. ஒரு எழுத்துகூடப் பொய்யில்லையே!

மறுநாள் காலை ஏழரைக்குத் தையல் மிஷின் மேல் உறை விழுந்தது. இரண்டு தட்டு. முட்டை, அவித்த பயறு, கீரை, ஒரு பழம். அவசரத் துணிக்காரர்கள் கதவைத் தட்டினால், "சாப்பிடறோம், அரை மணி கழிச்சு வாங்க" என்று உள்ளிருந்தே குரல் போகும். மகள் முதல் வாரம் பயறை எண்ணிக்கொண்டிருந்தாள். தாய் திட்டவில்லை, கெஞ்சவுமில்லை. தன் தட்டைக் காலி செய்துவிட்டு, மகள் முடிக்கும்வரை எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தாள். அழுத்தக்காரி. அதோடு நிற்கவில்லை. இடுப்பைப் பிடித்துத் தரச் சொல்லி வந்த பெண்களிடம், "காலைல என்ன சாப்பிட்டே? அதைச் சொல்லு முதல்ல" என்றாள். இரண்டு பேர் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போனார்கள். போகட்டும் என்று விட்டாள்.

ஆறு மாதம் கழித்து மகள் பாவாடையோடு வந்து மிஷின் பக்கத்தில் நின்றாள்.

"இறுக்குதும்மா. நீ உள்ள விட்ட ரெண்டு இஞ்சையும் பிரிச்சு விடு."

முகத்தில் கூச்சமே இல்லை. டேப்பக்கா மிஷினை நிறுத்திவிட்டு எழுந்தாள். இந்த முறையாவது ஒழுங்காக அளப்போம் என்று டேப்பைக் கையில் எடுத்தாள். மகள் அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

"முதல்ல நீ நில்லு."

தாயை அளந்து, நோட்டில் புதுப் பக்கம் திருப்பி, மேலே 'அம்மா' என்று எழுதி அளவைக் குறித்தாள். தன் பெயரை அதற்குக் கீழேதான் எழுதினாள்.

"அடுத்த வருஷம் மறுபடி அளப்பேன். குறைஞ்சிருந்தா உன்னைச் சும்மா விடமாட்டேன்."