போஸ்டரில் மீசை, பொம்மையில் இல்லை

பிழை பார்க்கிறவனை யாரும் டீ குடிக்கக் கூப்பிடுவதில்லை. உங்களில் ப்ரூஃப் பார்த்தவர்கள், துணியில் கறை தேடியவர்கள், பரீட்சைத் தாள் திருத்தியவர்கள் இருந்தால் தெரியும். நான் அச்சகத்தில் லேபிள் சரிபார்த்து ஓய்ந்தவன். இப்போது சிங்காநல்லூரில், மோட்டார் பட்டறைக்கு மேல்மாடியில், ஒரு வீடியோ கேம் கம்பெனியில் அதே வேலை.

கேம் இதுதான்: ஆடுகிறவர் மேட்டுப்பாளையம் பஸ்ஸை ஓட்ட வேண்டும். ஏறி இறங்கும் பயணிகளை முதலாளி பிரபு பெரிதாக, அழகாக வரைந்து போஸ்டர் அடித்திருக்கிறார். அதே ஆட்களை விரல் நுனி அளவுப் பொம்மைகளாக, புள்ளி புள்ளியாக, கம்ப்யூட்டரில் செய்வது பர்வீன். உக்கடத்திலிருந்து வருகிறவர், இரண்டு பிள்ளைகளின் தாய். முன்பு சேலை பார்டருக்கு டிசைன் போட்டவர். இங்கே மூன்று மாதம் தற்காலிகம். போஸ்டருக்கும் பொம்மைக்கும் உள்ள வித்தியாசத்தை நோட்டில் எழுதுவது நான். பத்தைத் தொட்டால் பர்வீனுக்கு வேலை இல்லை. பிரபு போட்ட கணக்கு. நான் எழுதுகிறவன் மட்டும்தான்.

கண்டக்டரின் வாய்

போஸ்டரில் கண்டக்டருக்குக் கொடுவாள் மீசை. பொம்மைக்கு மொழுமொழுவென்று முகம்.

"மீசை எங்க அம்மணி?" என்றேன்.

"வெச்சா நல்லாருக்காதுங்க ஐயா," என்றார் பர்வீன்.

நல்லாருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை இல்லை. பிழை ஒன்று என்று எழுதினேன். மீசையை வைக்கவும் சொன்னேன். வைத்தார். முகமே ஆறு புள்ளி அகலம். அதில் மீசைக்கு இரண்டு கறுப்புப் புள்ளி. அன்று கேமை ஆடிப் பார்க்க வந்த கல்லூரிப் பெண் ஒருத்தி கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "ஏனுங்க, இந்தக் கண்டக்டர் எதுக்கு வாயைப் பொளந்துட்டே டிக்கெட் குடுக்கறாரு?"

பூக்காரம்மா திரும்பியபோது

மீசையை எடுத்தாயிற்று. பிழை மட்டும் நோட்டில் நின்றது.

இந்தத் தொழிலில் ஒரு குறுக்கு வழி உண்டு. வலப்பக்கம் நடக்கிற பொம்மையை மட்டும் வரைவார்கள். இடப்பக்கம் நடப்பதற்கு, அதையே கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பிவிடுவார்கள். பாதி வேலை மிச்சம். எல்லாக் கம்பெனியிலும் இப்படித்தானாம். எனக்கென்ன? காரமடையில் ஏறுகிற பூக்காரம்மாவுக்குப் போஸ்டரில் முந்தானை இடது தோளில். பொம்மை ஒரு பக்கம் போகும்போது சரியாக இருந்தது. திரும்பி வந்தால் வலது தோளில். எழுதினேன்.

ஆபீஸ் கூட்ட வருகிற ருக்குமணி விளக்குமாற்றோடு நின்று பார்த்தாள். பூக்காரம்மா ஒருமுறை போய்த் திரும்பினாள். ருக்குமணி சொன்னாள்: "திரும்பறதுக்குள்ள சீலையை மாத்திக் கட்டிப்போட்டாளே, கெட்டிக்காரி!"

வாழைக்காய் வியாபாரியின் தொந்தி

பர்வீன் வாரம் முழுக்க உட்கார்ந்து எல்லாப் பயணிகளுக்கும் இடப்பக்கத்தைத் தனியாக வரைந்தார். யாரும் வரையச் சொல்லவில்லை. "திருத்திட்டாங்கல்ல, நோட்டுல அந்தப் பிழையை அடிச்சுப்போடலாமுங்களே," என்றார் பிரபு. பாட்டிலில் ஒட்டிய லேபிளில் பிழையை அடிக்க முடியுமா? எண்ணிக்கை எண்ணிக்கைதான் என்றேன். செருப்பு, குடை, கைக்கடிகாரம் என்று நோட்டு நிறைந்துகொண்டே போனது.

ஒன்பதாவது, வாழைக்காய் வியாபாரி. போஸ்டரில் தொந்தி பானை மாதிரி. பொம்மை ஒட்டடைக்குச்சி. இதற்குமா கணக்கு என்று பர்வீன் கேட்கவில்லை. கேட்டவர் புரோகிராம் எழுதுகிற தம்பி. சீட்டு அகலத்துக்கு அடங்கவில்லை என்று இளைக்கச் சொன்னதே அவர்தானாம். யார் சொல்லி இளைத்தார் என்று நோட்டு கேட்காது என்றேன். அவருக்குக் கோபம். கம்ப்யூட்டரை விட்டு முகத்தைத் திருப்பாமலே சொன்னார்: "போஸ்டர்ல இருக்கற தொந்தியோட ஏத்துனா, அவரு ரெண்டு டிக்கெட் எடுக்கோணுங்."

பத்தாவது

மேட்டுப்பாளையம் உருளைக்கிழங்கு மண்டியில் மூட்டை தூக்குகிறவர். கேமில் அவருக்குப் பேச்சே கிடையாது. பஸ்ஸின் குறுக்கே போவார், வருவார். போஸ்டரில் நெஞ்சை நிமிர்த்தி, தலையில் மூட்டை, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். பொம்மையில் மூட்டை கழுத்துக்குப் பின்னால் கிடக்கிறது. ஆள் குனிந்திருக்கிறார். முகமே தெரியவில்லை.

பர்வீனிடம் காட்டினேன். அவருக்கும் எண்ணத் தெரியும். "எழுதிக்குங்க ஐயா," என்றார். "நடையை மட்டும் மாத்தச் சொல்லாதீங்க. ஞாயித்துக்கெழமை மண்டிக்கே போய் உக்காந்து பாத்துட்டு வந்தேன்."

பேனா கொஞ்சம் நின்றது. எழுதினேன். பிரபு வாங்கிப் பார்த்து, மாசக் கடைசியில் பர்வீனிடம் சொல்லிவிடலாம் என்றார்.

இரண்டு நாள் கழித்து, சந்தைச் சத்தம் பதிவு செய்ய மண்டியிலிருந்து மயில்சாமி என்கிற ஆளைக் கூட்டி வந்தார்கள். இருபது வருஷமாக மூட்டை தூக்குகிறவர். பிரபு பெருமையாகப் போஸ்டர் முன் நிறுத்தி, "உங்களைத்தானுங்க வரைஞ்சிருக்கறேன், எப்படி?" என்றார். மயில்சாமி மரியாதைக்காரர். யோசித்துத்தான் சொன்னார்: "நல்லா இருக்குதுங். ஆனா இந்த மூட்டைல உருளை இல்லீங், பஞ்சுதான் இருக்கும்."

புதுப் பக்கம்

இங்கே வாங்க என்று மயில்சாமியைப் பர்வீனின் கம்ப்யூட்டர் முன் உட்கார வைத்தேன். பொம்மை மூட்டையோடு குறுக்கே போனது. இரண்டு எட்டு வைத்து, ஒரு சின்ன நிறுத்தம், மறுபடி இரண்டு எட்டு. அந்த நிறுத்தத்தை நான் கவனித்ததே இல்லை. போஸ்டரில் நடை கிடையாதே, எதோடு ஒப்பிடுவது? மயில்சாமியின் கை தானாகப் பின்கழுத்துக்குப் போய்த் தடவியது. "ஆருங்க இதைப் போட்டது? பாத்தாலே பொடனி வலிக்குதுங்," என்றார்.

பர்வீன் மவுஸில் இருந்து கையை எடுத்துவிட்டார். எனக்கு நின்றுகொண்டு யோசிக்கிற வழக்கம் இல்லை. நோட்டை எடுத்து, பத்தாவதைக் குறுக்கே அடித்தேன். அடுத்த பக்கத்தைத் திருப்பி, மேலே 'போஸ்டர்' என்று தலைப்புப் போட்டு, பிழை ஒன்று என்று எழுதி பிரபுவிடம் நீட்டினேன்.

படித்தார். காது சிவந்தது. போஸ்டரைப் பார்த்தார், பொம்மையைப் பார்த்தார், மயில்சாமியைப் பார்த்தார். "அக்கா, நீங்க இருங்க. இனி தற்காலிகமெல்லாம் வேண்டாம்," என்று பர்வீனிடம் சொன்னார். பிறகு நோட்டை என்னிடம் திருப்பிக் கொடுத்துக்கொண்டே கேட்டார்: "ஏனுங்க ஐயா, என்ற பக்கத்துல எத்தனை வரைக்கும் விடுவீங்க?"

இன்றைய தேதிக்குப் பர்வீன் பக்கம் ஒன்பதில் நிற்கிறது, முதலாளி பக்கம் பதினேழுக்குப் போய்விட்டது, எனக்கென்று ஒரு பக்கம் திறக்க வேண்டும் என்பது மட்டும் இன்னும் யாருக்கும் தோன்றவில்லை.