ஓலை வாசித்த ஞாயிறு

முக்காடு நழுவித் தோளில் விழுந்ததுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. ஞாயிற்றுக்கிழமைப் பூசை. மாதா கோயில் நிறைய ஆட்கள் உட்கார்ந்திருக்க, நான் ஒருத்தி மட்டும் எழுந்து நின்றேன். முக்காட்டை எடுத்துப் போடக்கூடத் தோன்றவில்லை.

தூத்துக்குடியில் புதுத் துறைமுகத்துக்குக் கல் கொட்டிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. என் மகள் பள்ளிப் படிப்பை நன்றாகவே முடித்திருந்தாள். ஆனால் எல்லாம் தமிழில் படித்தது. எங்கள் தெருவிலிருந்து காலேஜுக்குப் போன ஒரு பெண், இங்கிலீஷ் பாடம் புரியாமல் பாதியில் அழுதுகொண்டு திரும்பியிருந்தாள். அதைப் பார்த்து என் மகள் தானாகவே ஒரு முடிவுக்கு வந்தாள். "ஒரு வருசம் பொறுங்கம்மா. காலையில கன்னியாஸ்திரிமார் ஆஸ்பத்திரியில கூடமாட நிக்கேன். டாக்டர் படிப்பு எனக்கு ஆவுமா, ரத்தம் பாத்து மயங்குதேனான்னு தெரிஞ்சிரும். சாயங்காலம் டீச்சர் வீட்டுல இங்கிலீஷ். பொறவு காலேஜுக்கு எழுதிப் போடுதேன்."

எழுத்துக் கூட்டிப் படிக்கிற எனக்கே விளங்கியது ஊருக்கு விளங்கவில்லை. வீட்டோடு இருக்கிற பெண் கலியாணத்துக்குத்தான் காத்திருக்கிறாள் என்று முடிவுகட்டிவிட்டார்கள். பரீட்சையில் தோற்றுக் கடற்கரையில் சீட்டாடித் திரிந்த பையன்களை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

என் வீட்டுக்காரர் தோணியில் கொழும்புக்குப் போயிருந்த நேரம். அவருடைய அக்கா, என் மைனி, தன் கொழுந்தன் மகனுக்கு என் மகளைப் பேசி முடித்து, "தகப்பன் சம்மதிச்சாச்சு" என்று சாமியாரிடம் சொல்லிவிட்டாள். எங்கள் கோயிலில் கலியாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள்: இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கலியாணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று. அன்றைக்கு என் மகள் பெயர் வந்தது. அவள் என் கையை இறுகப் பிடித்தாள்.

"தடை இருக்கு சாமி," என்றேன். "பெத்தவ சொல்லுதேன். இவளையும் கேக்கல, என்னையும் கேக்கல."

பின்னாலிருந்து மைனி என் சேலையை இழுத்தாள். "ஏளா, உக்காரு! குடும்ப மானம் போவுது."

"போனா உங்க மானம்தான் போவும் மைனி. எம் மவளுக்கு இந்த வருசம் வேலை கெடக்கு."

யாரோ சிரித்தார்கள். சாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, அடுத்த ஓலையை எடுத்தார்.

மகள் ரத்தம் பார்த்து மயங்கத்தான் செய்தாள். மறுவருடம் காலேஜில் கணக்குப் படிக்கச் சேர்ந்தாள். அதைத் தெரிந்துகொள்ளத்தானே அந்த ஒரு வருடம்!

இப்போது மைனியின் மகள், தன் பேத்தி ஒரு வருடம் வீட்டிலிருந்து பரீட்சைக்குத் தயாராவதை என்னிடமே வந்து பெருமையாகச் சொல்கிறாள். "பிள்ள எவ்வளவு யோசனையா செய்யுதா பாத்தியளா அத்தை!" எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஓலை வாசிக்கும்போது இன்றைக்கும் நாலு தலை என் பக்கம் திரும்புகிறது. திரும்பட்டும். முக்காட்டை இப்போதெல்லாம் ஊசி குத்தித்தான் போடுகிறேன். எப்போது எழுந்து நிற்க வேண்டிவருமோ.