நடக்க ஒரு பேருந்து

மயிலாப்பூரில் காலார நடக்க இடமே இல்லை என்று பேருந்து பிடித்து, அடையாறு முகத்துவாரத்துக்கு வந்திருக்கிறேன். மணல், உப்புக்காற்று, கொக்குகள். நகரம் என்று சொல்லவே முடியாது. எதிரே குப்பத்திலிருந்து மீன்கூடையைச் சுமந்தபடி ஒரு அம்மா வருகிறார்.

"இன்னா சார், இங்க இன்னா தேடிக்கினு கீற?"

"சும்மா நடக்கலாம்னு பஸ்ல வந்தேன்மா."

"நல்லா கீது போ. கூடையோட நான் பஸ்ல ஏறுனா எல்லாம் மூக்கப் பொத்திக்கினு முறைக்குதுங்க. அதான் டெய்லி மார்க்கெட்டுக்கு நடந்தே போறேன்."

கூடையை இறக்கச் சொல்லி ஒரு கூறு மத்தி வாங்கிப் பையில் போட்டுக்கொள்கிறேன்.

திரும்பும் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் என் பையைப் பார்க்கிறார். பிறகு எழுந்துபோய்க் கம்பியைப் பிடித்து நின்றுகொள்கிறார்.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடுகிறேன். மயிலாப்பூர் வரைக்கும் நடக்க இடம் தாராளமாகவே இருக்கிறது.