சென்னியப்பனின் தியான அறை

சூலூரில் விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்த சென்னியப்பனுக்குத் தொண்ணூற்றாறாம் வருசம் ஞானம் பெற வேண்டும் என்று ஆசை வந்தது. கோவையில் ஒரு தியான வகுப்பில் சேர்ந்தார். ஆசைகளைக் குறைக்கச் சொன்னார்கள். அதற்கு என்னென்ன தேவைப்படும் என்று யோசித்தபடியே அவர் நேராகக் கடைவீதிக்குப் போனார்.

தறிக்கூடத்தை ஒட்டிய வீட்டில் ஓர் அறையைத் தியானத்துக்கென்று ஒதுக்கினார். முதலில் கம்பளி விரிப்பு வந்தது. பிறகு ஓங்காரம் கேட்க டேப் ரிக்கார்டர். தறிச் சத்தம் உள்ளே வராதபடி ஜன்னலுக்குக் கண்ணாடி போட்டார். அறை புழுங்கியது, ஏர்கூலர் வாங்கினார்.

"ஏனுங்க, ஆசையைக் குறைக்கறதுக்கு இன்னும் எத்தனை சாமான் வாங்கோணுங்க?" என்று மனைவி புவனா கேட்டாள்.

"இதோட முடிஞ்சுது, அம்மணி."

சொல்லும்போது அவருக்கே நம்பிக்கை இல்லை.

ஒரு மத்தியானம் அவர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தபோது கரண்ட் போனது. தறிகள் நின்றன. கூலரும் ஓங்காரமும் நின்றன. அந்த அமைதியில் அவர் மனமும் எதையும் கேட்காமல் சும்மா இருந்தது. அப்படியொரு நிறைவை அவர் அதுவரை அறிந்ததில்லை. கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

கொஞ்ச நேரந்தான். தியானத்துக்கு நடுவே டேப் இப்படி நின்றுபோகிறதே, ஒரு ஜெனரேட்டர் இருந்தால் தேவலை என்று தோன்றியது. உடனே சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். பாதி வழியில்தான் தான் செய்த காரியம் உறைத்தது. பஸ்ஸிலேயே சிரித்துவிட்டார். ஆனாலும் இறங்கித் திரும்பவில்லை.

வகுப்பில் அனுபவத்தைக் கேட்டபோது மறைக்காமல் சொன்னார்: "ஞானம் ஊட்டுக்குள்ளயே வந்து உக்காந்துச்சுங்க. நாந்தான் அதை உட்டுப்போட்டுக் கடைக்குப் போயிட்டனுங்க."